நல்ல வயிற்றுக்கு ஒரு கத்தி

பாலோ என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். படகில்தான் போகமுடிகிற ஆற்றின் மேற்பகுதியில் புதுக்காடு வெட்டத் தொடங்கியபோது, ஆட்களைப் பார்த்துக்கொள்ள அவரை அங்கே அனுப்பத் துரை முடிவு செய்தார். முன்பு அங்கே போன, துரைக்கு உதவியாளரான சின்னத் துரைக்குக் குடல்வால் வெடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அதனால் இனிமேல் போகிற கிராணி குடல்வாலை முன்கூட்டியே அறுத்தெடுத்துவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

என் கணவருக்கு வயிற்றில் ஒரு நோவும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கும். இருந்தும் "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நின்றார். தோட்டத்து வழக்கம் அது. துரை எதைச் சொன்னாலும் முதலில் சரி என்பது. பிடிக்காவிட்டால் பிறகு காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது. இந்தச் சரியை நம்பித் துரை ஆஸ்பத்திரியில் படுக்கைக்கே சொல்லிவிட்டார். இனிக் காய்ச்சல் என்று படுத்தால் நேரே அங்கேதான் தூக்கிப்போவார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தோட்டத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸரிடம் போய்க் கேட்டேன். மயக்க மருந்து கொடுத்து எழுந்திருக்காதவர்களும் உண்டு, புண் சீழ்பிடித்துப் போனவர்களும் உண்டு, நோய் வந்தவனுக்கு வேறு வழியில்லை, நன்றாக இருப்பவருக்கு எதற்கு என்றார். இதைத் துரையிடம் சொல்வீர்களா என்றேன். மருந்து அலமாரியைப் பூட்டப் போய்விட்டார்.

நானே பங்களாவுக்குப் போனேன். கிராணி வீட்டுப் பெண்கள் அந்தப் படி ஏறுவதில்லை. கணவர் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். உங்கள் குடல்வாலை எடுத்தாயிற்றா என்று கேட்டேன். இல்லை, தனக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக மோட்டார் கார் இருக்கிறதே என்றார். அப்படியானால் புதுக்காட்டில் ஒரு மோட்டார் படகை நிறுத்துங்கள், அங்கே மரம் வெட்டுகிற ஆட்களுக்கும் வயிறு இருக்கிறது என்றேன்.

"படகுக்கு ஆள் வேணும், எண்ணெய் வேணும், தினம் செலவு," என்றார் துரை. "வயித்த ஒரு தரம் அறுத்தா போதும்."

சிரிக்கக்கூட இல்லை. என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"முடியாதுங்க தொரை."

வேலை போயிற்று. அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம். அதற்காக நான் அழவில்லை. எங்களுக்குப் பின் வந்த கிராணி சின்ன வயதுக்காரர், புதிதாகக் கல்யாணமானவர். அவர் தையல் ஆறாத வயிற்றோடு புதுக்காட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் அழுதேன். படகு அப்போதும் வரவில்லை.