நேர்ந்துகொண்டது நான், முடி அவளுடையது

சென்ற ஞாயிற்றுக்கிழமை பியூட்டி பார்லருக்குப் போனேன். சிரிக்க வேண்டாம். மனைவி சுமதிக்கு வண்டி ஓட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல் உள்ளே போய் உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருந்தது. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத காரணம்...

சுமதியின் அண்ணன் மகளுக்கு ரிசப்ஷன். அதற்காக இடுப்பு வரை தொங்கும் முடியை 'லேயர் கட்' செய்துகொள்ளப் போவதாக அறிவித்திருந்தாள். அது என்னவென்று போனில் பார்த்தேன். முன்னால் குட்டை, பின்னால் போகப் போக நீளம். அட, நாங்கள் காலேஜில் படித்தபோது 'ஸ்டெப் கட்' என்று திரிந்ததே, அதே ஆள்தான்! பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இதில் எனக்கு என்ன கஷ்டம்? சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு சுமதிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான். ஜன்னல் வழியே மலை. மலையையே சாமியாகக் கும்பிடும் இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதுதான் தெரியும் – வேண்டிக்கொள்ளாமல் தப்பிப்பது கஷ்டம். 'இவள் நல்லபடியாக வெளியே வந்தால் முடி காணிக்கை' என்று வேண்டிக்கொண்டேன். யாருடைய முடி? அவளுடையதுதான். என் தலையில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக் கடவுளிடம் பேரம் பேசவா முடியும்?

வேண்டிக்கொண்ட முடியில், காணிக்கை செலுத்தும் வரை கத்திரி படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளிடம் சொல்ல வேண்டும். முதலில் உடம்பு தேறட்டும் என்றிருந்தேன். பிறகு நல்ல மூடில் இருக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். மூன்று வருடம் ஓடிவிட்டது.

பார்லர் நடத்தும் ஷமீமா ஒரு பெரிய ஆல்பத்தை நீட்டினாள். நேரத்தைக் கடத்த வேண்டுமே... பொது அறிவைக் காட்டினேன்.

"இந்தக் கொண்டை ரொம்பப் பழசாச்சேம்மா? எங்க பெரியம்மா உள்ள சவுரி வெச்சு இப்படித்தான் போடுவாங்க."

"இப்ப இதான் சார் ட்ரெண்டு. உள்ள ஸ்பாஞ்ச் வெச்சிடுவோம். கம்மியா இருக்கற முடி ஜாஸ்தியா தெரியும்."

சவுரி போய் ஸ்பாஞ்ச் வந்திருக்கிறது. அவ்வளவுதான். பக்கங்களைப் புரட்டினேன். ஸ்கூலில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை, மடிப்பை மட்டும் அவிழ்த்துக்கொண்டு ஸ்டைலாக நின்றது. முன்நெற்றியில் தூக்கி வைத்த 'பஃப்' இருந்தது. குளித்துவிட்டு அள்ளிச் செருகுவதற்கு 'மெஸ்ஸி பன்' என்று பெயராம். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுப் பெண்கள் அதில் ஒரு பென்சிலையும் செருகிக்கொண்டு காபி குடிக்கிறார்கள். சுமதி பல வருடமாக அதே ஸ்டைலில்தான் சாம்பார் வைக்கிறாள். யாரும் பாராட்டியதில்லை. நானும்தான்.

"காலேஜ்ல ஸ்டெப் கட் பண்ணிக்கறேன்னு கேட்டேன். காலை ஒடச்சிடுவேன்னாரு எங்கப்பா" என்று சுமதி கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "கல்யாணத்துக்கப்புறம் மாமியார் விடலை. இப்பதான் யாரையும் கேக்க வேணாம்."

ஷமீமா தண்ணீர் அடித்து, சீவி, நான்கு கிளிப் மாட்டி, கத்திரியை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்!"

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், எல்லாவற்றையும்.

இருவரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். நேராகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஏங்க, வயித்துல ஓட்டை போட்டுக்கினது நானு. ஒரு மாசம் ரசஞ்சோறு தின்னது நானு. மொட்டையும் நானே போட்டுக்கணுமா? நீங்க இன்னா பண்ணீங்க?"

"வேண்டிக்கிட்டேன்..."

"உங்க முடிய வேண்டிக்கறது!"

ஷமீமா என் தலையைத் தொழில்முறையாக ஒரு பார்வை பார்த்தாள். "கம்மிதான்க்கா" என்று தீர்ப்புச் சொன்னாள். "எங்க வீட்லயும் இதே கதைதான். அவரு நேர்ந்துப்பாரு, நோன்பு நான் வெக்கணும்."

சுமதி சிரிக்கவில்லை. சாமி விஷயம், அதை அப்படியே விட்டுவிடவும் அவளால் முடியாது. கண்ணாடியில் அவள் பார்வை என் முகத்தில் மெதுவாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

"அது நல்லா செழிப்பாத்தானே இருக்குது?"

மீசை! காலேஜ் நாளிலிருந்து வளர்த்தது. வாரம் தவறாமல் மை பூசிக் காத்தது. தலை கைவிட்ட பிறகு நான் நம்பியிருந்த ஒரே சொத்து.

"ஷமீமா, ஒரு மணி நேரத்துல வந்துடறோம். கடன முடிச்சிட்டு அப்புறம் வெட்டிக்கறேன்" என்று எழுந்தாள்.

தலையில் நான்கு கிளிப்போடு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். பெரிய தெரு திரும்பினோம். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேங்க. கேக்கலையே."

நடுரோட்டில் ஒரு மாடு நின்றது; அதற்கு ஹாரன் அடித்தேன்.

கோயிலில் முடி இறக்குபவர் கத்தியோடு என் தலையைப் பார்த்துக் குழம்பினார். "மீசை மட்டுமா? மொட்டை இல்லீங்களா?"

"அது ஏற்கெனவே ஆயிடுச்சுங்க" என்றேன்.

யோசித்துப் பார்க்கிறேன். கொண்டை போய் ஸ்டெப் கட் வந்தது, அது போய் மறுபடி கொண்டை வருகிறது. எது வந்தாலும் அனுமதி கொடுக்க ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. அப்பா ரிட்டயர் ஆனால் மாமியார். மாமியாருக்குப் பிறகு, ஆஸ்பத்திரி ஜன்னலோரம் நின்றுகொண்டு நான். கமிட்டியில் இருப்பதே தெரியாத மெம்பர்!

ரிசப்ஷனில் சுமதியைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லோரும் அவள் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மேடையிலிருந்து இறங்கிய என் மச்சான் நேராக எங்களிடம் வந்து, "சூப்பரா இருக்கும்மா! ஆமா, மாப்ள வரலியா?" என்றார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு மேலே என் பெயரோடு ஒரு மீசைக்காரர் படம் இருக்கிறதே... அவர் இப்போது இல்லை.