நராய்க்கு இன்னும் நானூறு மீற்றர்

பஸ் நிறுத்தத்தைக் குகநாதன் தலை திருப்பாமல் கடந்துபோகிறார். நல்ல மழை. கூட வேலைசெய்யும் சரணியா கூப்பிடுகிறாள்: “அண்ணை, ஏறுங்கோவன், ரெண்டு நிறுத்தம்தானே.”

“ஏறினால் இண்டைய நடை செல்லாது பிள்ளை,” என்று குடையை விரிக்கிறார்.

அவருக்குப் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள்ளுப் பூட்டுகிற வேலை. சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டொக்டர். சும்மா நடக்க மனிசனுக்கு மனம் வந்தால்தானே! பழைய புத்தகக் கடையொன்றில் முந்தின காலத்தில் சனம் நடந்துபோன ஜப்பானிய நெடுஞ்சாலை ஒன்றின் வரைபடம் அகப்பட்டது. அன்றுமுதல் ஆற்றங்கரையில் அவர் வைக்கிற ஒவ்வொரு அடியும் தோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் போகிறது. போன தூரத்தை, குளிர்பெட்டியில் ஒட்டிய வரைபடத்தில் சிவப்புப் பேனையால் கோடாக இழுப்பார்.

தேநீர் இடைவேளையில் எல்லாரும் கேட்பார்கள், “இண்டைக்கு எங்க நிக்கிறியள்?” பிறகு அவரை யார் பிடிப்பது?

“நராய் கிட்டீட்டுது. அந்தக் காலத்தில அந்த ஊர் இருபத்தைஞ்சு ஆளும் இருபத்தைஞ்சு குதிரையும் வச்சிருக்கவேணும், சட்டம். முந்தின ஊர்க் குதிரை சாமானை இறக்கிப்போட்டுத் திரும்பீடும், இந்த ஊர்க் குதிரை ஏத்திக்கொண்டு போகும். அங்கால பெரிய மலை. ஏறமுன்னம் சனம் அங்கதான் படுக்கும். ‘ஆயிரம் வீட்டு நராய்’ எண்டே பேர். விடுதி வாசலில கால் கழுவத் தண்ணி வைப்பினம்.”

வீட்டிலும் இதே கதைதான். ஆனால் கேட்க ஆளில்லை. “உங்களுக்கு விசர்,” என்று மனைவி மனோகரி சட்டியைக் கிளறுவாள். மூன்று மாதமாயிற்று. ஒருநாளாவது ‘எங்க நிக்கிறியள்’ என்று அவள் வாயால் வராதா என்று மனிசன் ஏங்குகிறார். ஊரெல்லாம் கேட்டென்ன, வீட்டில் கேட்கவில்லையே.

இன்று நராய்க்குப் போய்ச் சேரவேண்டிய நாள். வீட்டு வாசலில் நின்று போனைப் பார்த்தால் நானூறு மீற்றர் குறைகிறது. விடுவாரா? அடுக்குமாடியைச் சுற்றத் தொடங்கினார்.

மூன்றாம் மாடியிலிருந்து மனோகரியின் குரல்: “இஞ்சருங்கோ, சனம் பாக்குது. மழைக்குள்ள என்ன கூத்து?”

“நராய் வந்திட்டுது. இன்னும் ரெண்டு சுத்து.”

பல்கனிக் கதவு படாரென்று சாத்துப்பட்டது. சரி, இன்றைக்குச் சோறு கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் நடந்து முடித்தார்.

சொட்டச் சொட்டப் படியேறினார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கால்மிதிக்குப் பக்கத்தில் நீலப் பேசின் நிறையத் தண்ணீர், மடித்த துவாய். மனோகரி குனிந்து, விரலை நனைத்துச் சூடு பார்த்து, இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றினாள்.