குளிர் தெரியாத கட்டங்கள்

என் பழைய காரில் எஞ்சினை இயக்கக் கம்பெனி வைத்த கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தித் தந்தவர் ஆதம்பாக்கத்து ட்யூனர். ஒல்லியான ஆள். எஞ்சினின் சூடு எத்தனை டிகிரி என்று லேப்டாப்பே காட்டும். அவரோ முதலில் பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை நம்புவார்.

குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்று லேப்டாப் அட்டவணையில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். நான்கு நாள் காலையில் வீட்டுக்கே வந்து, இரவெல்லாம் ஆறிக்கிடந்த வண்டியைக் கிளப்பிக் கிளப்பித் திருத்தினார்.

"இருபதுக்குக் கீழ எல்லாம் குத்துமதிப்பா போட்டுகீறேன் சார். அந்தக் குளிரு நம்ம ஊர்ல எங்க கீது? ஊட்டி போனா, காலைல ஸ்டார்ட் பண்ணிட்டு சொல்லுங்க."

"நீங்க போனதில்லையா?"

"நான் ட்யூன் பண்ண வண்டிங்க போய்க்கினுதான் கீது" என்று சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரியில் போனேன். ஊர் திரும்பும் நாள் விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. அதை ஓடவிட்டபடி, சிக்னல் தேடி அலைந்து, அவரை அழைத்துச் சொன்னேன். புகை வந்ததா, எஞ்சின் உதறியதா என்று கேட்பார் என நினைத்தேன்.



"பானெட்ல கைய வெச்சுப் பாத்தீங்களா சார்? எப்டி இருந்துச்சு?"

வண்டிக்கு ஓடி, அவசரமாகக் கையுறையைக் கழற்றிக் கையை வைத்துப் பார்த்தேன். அதற்குள் வண்டி சூடேறியிருந்தது.