கால் வலிக்குதா என்று கேட்பவள்

"மூத்திரம் என்ன நிறம்?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உனைசி நர்ஸ் கேட்டுவிடுவாள். உள்ளே இருப்பவர் மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துக்கொண்டிருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அவர் விழுங்கிப் பதில் சொல்வதற்குள் பாயில் மண்டியிட்டு, தொடையையும் கெண்டைக்காலையும் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்திருப்பாள். கண் மட்டும் அவர் முகத்தைவிட்டு நகராது.

எங்கள் தீவில் ஐந்து ஊர்கள், ஒரு சுகாதார நிலையம், ஒரே நர்ஸ். ஐம்பது வயதைத் தாண்டிய பெரிய உடம்பு. சுருட்டை முடிக்குள் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதைத் தேடிக்கொண்டும் இருப்பாள். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முப்பத்தொரு பேர். யார் எப்போது ஆரம்பித்தார்கள், மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ரத்தம் வெள்ளிக்கிழமைப் படகில்தான் பெரிய தீவுக்குப் போக வேண்டும். ஐஸ் பெட்டியை யாரிடமும் கொடுக்கமாட்டாள். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு துறையில் உட்கார்ந்திருப்பாள். படகு வராத வாரம் எடுத்த ரத்தமெல்லாம் வீண். திரும்ப வீடு வீடாகப் போய்க் குத்த வேண்டும்.

போதைக்கு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ஆண்கள் அவளைத் தூரத்தில் கண்டதும், "மூத்திர நர்ஸ் வர்றா, காலை மடக்கிக்கங்கடா" என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. "சிரிங்க. சிரிச்சிட்டு நீட்டுங்க" என்று உட்கார்ந்துவிடுவாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் இப்படி இல்லை.

சகியுசா அவளுக்கு மச்சான் முறை. எங்கள் ஊரில் மச்சானும் மச்சினியும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் பேசினால்தான் என்னமோ சண்டை என்று நினைப்பார்கள். கொப்பரை வெட்டுகிறவன், தென்னைமரம் மாதிரி இருப்பான். பரிசோதனையில் கொழுப்பு அதிகம் என்று வந்ததும் அவள்தான் மாத்திரையை ஆரம்பித்து வைத்தாள். இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. பிறகு நெஞ்சுச்சளிக்காகப் பெரிய தீவுக்குப் போனவனுக்கு ஒரு டாக்டர் வேறு மருந்து எழுதினார். இந்த மாத்திரையோடு சேரக்கூடாத மருந்து அது. ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய நாலாம் நாள், துறையில் அவளைப் பார்த்துத் தொடையெல்லாம் வலிக்கிறது என்றிருக்கிறான். "கிழவனாயிட்ட மச்சான், இனிமே தேங்காயை உன் பொண்டாட்டியே வெட்டட்டும்" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான். மூன்று நாளில் மூத்திரம் பால் விடாத தேநீர் மாதிரி இறங்கியது. தசை கரைந்து சிறுநீரகத்தை அடைத்திருந்தது. படகில் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியும் அழுத்தலும். ஆனால் ஊர் வேறு விதமாகப் பயந்துவிட்டது. மூன்று பேர் அவளிடம் சொல்லாமலே மாத்திரையைக் கடலில் வீசினார்கள். அதில் ஒருவர், ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த அபிசாய், தேவாலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சில் சாய்ந்தார். அடக்கம் முடிந்ததும் உனைசி மற்ற இரண்டு வீட்டுக்கும் போனாள். திட்டவில்லை. மாத்திரை நிறுத்துவதானால் என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் சகியுசாவின் மனைவி கெலெராவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, அதே வகையில் வேறொரு மாத்திரையை எழுதி அனுப்பினார்கள். அவள் அதைப் பிரிக்கவே இல்லை என்று தெரிந்ததும் உனைசி கிளம்பினாள். பள்ளிக்கூடம் விட்டுப் புத்தகப் பையோடு வந்த நானும் போனேன்; ரத்தம் இல்லாத வெறும் ஐஸ் பெட்டி என்பதால் தூக்க என்னை விட்டாள்.

கெலெரா பாய் முடைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உன் மாத்திரைக்கு இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளைக் குடுத்தாச்சு."

உனைசி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், ஆறு வாரம் கழித்து மறுபடியும், நடுவில் தினமும் நானே வருகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அப்புறம் முடியிலிருந்த பென்சிலை உருவி மடியில் வைத்தாள்.

"அக்கா, அவர் கால் வலிக்குதுன்னு எங்கிட்டதான் முதல்ல சொன்னார். நான் கிண்டல் பண்ணிச் சிரிச்சேன். இதை உங்கிட்ட நான் சொன்னதே இல்ல."

கெலெராவின் விரல்கள் ஓலையில் நின்றன.

"தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லிட்டு அவரும் சிரிச்சார்."

வெளியே யாரோ பன்றியை விரட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் ஓய்ந்ததும் கெலெரா ஓலையைத் தள்ளிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, கையைப் பாயில் நீட்டிவைத்தாள்.

உனைசி ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு பளிச்சென்று எழும்பியிருந்தது, கண்ணைக் கட்டிக்கொண்டும் குத்தலாம். ஊசியை எடுத்தவள் கை நடுங்கியது. ஒருமுறை கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. கெலெரா தன் இன்னொரு கையை நீட்டி, உனைசியின் மணிக்கட்டைப் பிடித்து, அது அசையாமல் நிற்கும்வரை விடாமல் வைத்திருந்தாள்.