கராஜில் இருந்த செற்றி

செற்றியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அம்மா இன்றைக்கும் எழுந்து தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போய்விடுவார். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து தாதிச் சீருடையோடு வந்திருக்கும் அக்கா மட்டும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். ஏறக்குறைய இருபது வருடமாக எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கு மாறவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கனடாவில் வோபர்ன் என்ற இடத்தில் வீடு வாங்கி, மேலே நாங்களும் கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஓர் அண்ணையுமாக இருந்தோம். சோபாவை எங்கள் ஆட்கள் செற்றி என்றுதான் சொல்வார்கள். முந்தின கோடையில் அப்பா வாங்கிய செற்றி கடும் சிவப்புத் தோலில் செய்தது. முன்னறையில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது. அம்மா அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. இருந்தால் கிரீச்சென்று கத்தும், எழும்பினால் தொடையில் ஒட்டிக்கொண்டு வரும். ஆனாலும் அதன் யன்னல் பக்க மூலை என்னுடையது. நிலத்திலிருந்து ஹீற்றர் காற்று வரும் ஓட்டை அங்கேதான் இருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அங்கே காலை மடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். எவ்வளவு களைத்து வந்தாலும் அப்பா அந்த இடத்தை எனக்கு விட்டுத்தருவார்.

மாசி மாதம் அக்காவுக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தனியார் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். வீட்டுக்குப் பின்னால் அப்பிள் மரம் நிற்கிறதாம். மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் இங்கே மிசிசாகாவில் ஒரு கலியாணத்துக்கு வருகிறார்கள். அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பிடித்தால் அன்றைக்கே முடிவு சொல்வதென்று ஏற்பாடு. அக்கா தாதிப் படிப்பில் அப்போது இரண்டாம் வருடம். அவளிடம் கேட்டதற்கு, "உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். அம்மா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. கனடாவுக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் லண்டனில் வான் ஓட்டி வீடு வீடாகச் சாமான் கொடுத்தவர். அந்த வேலையில் பெரிய பெரிய பழைய வீடுகளின் வாசல்வரை போயிருக்கிறார். கதவைத் திறப்பவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். அவருடைய லண்டன் ஞானம் முழுவதும் வாசலில் நின்று பெற்றது. எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு அதுகூட இல்லாதபடியால் அவர் சொன்னதே சட்டமானது.

"அக்கா, தனியார் பள்ளிக்கூடம் எண்டா அவை போஷ் ஆக்கள், பரம்பரைப் பணக்காரர். உந்தச் செற்றியைக் கண்டா வாசலோட திரும்பீடுவினம்" என்றார் மாமா அம்மாவிடம். "பளபளப்பா ஏதும் இருந்தா நேற்றுக் காசு கண்ட ஆக்கள் எண்டு உடனே விளங்கீடும். உண்மையான போஷ் ஆக்களின்ர வீட்டில எல்லாம் பழசு. செற்றி கிழிஞ்சிருக்கும், சுவெட்டரில முழங்கை ஓட்டை. ஆனா வீட்டைச் சுத்தி வளவு இந்தத் தெருவளவு கிடக்கும்."

அப்பா செற்றியைப் பார்த்தார். அதற்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் மாமாவும் செற்றியைத் தூக்கிக் கார் விடும் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்துப் படுக்கைவிரிப்பால் மூடினார்கள். பெரிய டிவி பின்னாலேயே போனது. அம்மாவின் தங்கக்கரை போட்ட கோப்பைகளும் போயின. பேஸ்மென்ட் அண்ணையின் செற்றி மேலே வந்தது. நிறம் இன்னதென்று சொல்ல முடியாது. கைபிடியில் பஞ்சு வெளியே தெரிந்தது. குப்பை எடுக்கும் நாளில் தெருவோரமிருந்து தூக்கி வந்ததை அண்ணை பெருமையாகச் சொன்னார். "இடப்பக்கம் ஸ்பிரிங் குத்தும், ஆரையும் இருக்க விடாதேங்கோ" என்று எச்சரித்தும் விட்டார். மாமா ஐந்தடி தள்ளி நின்று அதைப் பார்த்து, ஒரு பிரபுவின் வீட்டில் இதே மாதிரி கண்டதாகச் சொன்னார்.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. செற்றி என்று சொல்லக்கூடாது, போஷ் ஆட்கள் சோபா என்றுதான் சொல்வார்கள். காது கேட்காவிட்டால் "பார்டன்" என்று கேட்கக்கூடாது. அப்படித்தான் கேட்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் எனக்குப் பழக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாராவது கேட்டால் இந்தச் சோபா எங்கள் குடும்பத்தில் கனகாலமாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். "கலியாணம் குழம்பினா உன்ர வாயாலதான் குழம்பும்" என்று மாமா என் மூக்கைப் பிடித்துச் சிரித்தார். அந்த வருடம் கோயிலில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. முதல் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்வதற்குப் பாவங்களை எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். பொய் என் பட்டியலில் முதலாவதாக இருந்தது. பொய் சொன்னால் ஆண்டவருக்குக் கோபம், சொல்லாவிட்டால் அக்காவின் வாழ்க்கை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடும்போது அக்கா கேட்டாள்: "அவை ஏதும் கேட்டா என்ன சொல்லப்போறாய்?"

"மாமா சொன்னதை."

"அது உண்மையோ?"

அக்கா பின்னலை இறுக்கிக் கட்டினாள். "பொய் சொல்லாதை, என்ன. மற்றதை நான் பாக்கிறன்" என்றாள். அக்காவுக்கும் பயம், அதனால்தான் பின்னலை இப்படி இறுக்குகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பயந்துபோனேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், அந்த லண்டன் அன்ரி, கனமான பட்டுச்சேலையில், கழுத்து நிறைய நகையோடு, தங்க எழுத்துப் பதித்த கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். லண்டன் அங்கிளின் புதுக் கோட்டுக் கையில் கடையின் பெயர்ப்பட்டி இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. மாப்பிள்ளையின் கைமணிக்கூடு கண்ணைக் கூசவைத்தது. மாமா கூடாது என்று சொன்ன அத்தனையும் எங்கள் வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றன. அம்மா மாமாவைப் பார்த்தார். முழங்கை ஓட்டை விழுந்த சுவெட்டர் போட்டிருந்த மாமா முகட்டைப் பார்த்தார்.

யாரும் தடுப்பதற்குள் அன்ரி இடப்பக்கம் போய் இருந்தார். "ஆ" என்று மெல்லக் கத்திக் கொஞ்சம் நகர்ந்தார். போஷ் வீடுகள் குளிராக இருக்கும் என்று மாமா காலையிலேயே ஹீற்றரைக் குறைத்துவிட்டிருந்தார். வந்தவர்கள் குளிர் கோட்டுகளைத் தோளில் போட்டபடியே இருந்தார்கள். "ஹீற்றர் பழுதோ அண்ணை?" என்று அங்கிள் அக்கறையாகக் கேட்டார். "இல்லை, எங்களுக்கு இது பழக்கம்" என்றார் அப்பா. அவருடைய மூக்கு சிவந்திருந்தது. ஒரு தட்டில் ஆறு பிஸ்கற் இருந்தது. இரண்டு நாளாக அம்மா சுட்ட முறுக்கும் ரோல்ஸும் குசினியில் மூடிக் கிடந்தன. விருந்தாளியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்பதும் மாமாவின் சட்டம். வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா ஒருவரையும் வற்புறுத்தாமல், கையைக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் நிலத்தில், காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அதில் காற்றும் வரவில்லை.

அன்ரி பஞ்சு தள்ளிய கைபிடியைப் பார்த்தார். அப்பாவின் பழைய சேர்ட்டைப் பார்த்தார். பிஸ்கற் தட்டையும் பார்த்தார். பிறகு கண் கலங்கி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"கஷ்டம் ஆருக்குத்தான் வரேல்லை? நாங்களும் வந்த புதுசில இப்பிடித்தான் இருந்தனாங்கள். நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. பிள்ளையை மட்டும் தாங்கோ, மிச்சமெல்லாம் நாங்கள் பாக்கிறம்."

அறையில் எல்லோருடைய மூச்சும் இறங்கியது எனக்குக் கேட்டது. மாமா நெஞ்சை நிமிர்த்தினார். வழி எதுவானாலும் காரியம் முடிந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு அவசரமாக நன்றி சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவராகக் கொடுத்து முடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டாள்: "நீ ஏன் நிலத்தில இருக்கிறாய்? எப்பவும் இருக்கிற இடத்தில போய் இரு."

எனக்குக் குழம்பிவிட்டது. அக்காவுக்குத் தெரியாதா?

"என்ர இடம் கராஜிலயெல்லோ இருக்கு" என்றேன்.

அன்ரியின் கோப்பை பாதி வழியில் நின்றது. "சின்னப் பிள்ளையைக் கராஜிலயோ இருத்திறனீங்கள்?"

அம்மாவை அப்படி நினைத்துவிட்டார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பாற்றவேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இல்லை அன்ரி, எங்களுடைய புதுச் செற்றி அங்கே இருக்கிறது, நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் அங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள், டிவியும் அங்கேதான், இது கீழே இருக்கிற அண்ணை குப்பையில் எடுத்தது. செற்றி என்று சொல்லிவிட்டேனே என்பது நினைவு வந்து, சோபா என்று திருத்தியும் சொன்னேன்.

குசினிக்குப் பக்கத்தில்தான் கராஜுக்குப் போகும் கதவு. அங்கிள் எழுந்துபோய்த் திறந்தார். அன்ரியும் பின்னால் போனார். படுக்கைவிரிப்பின் ஒரு முனையைத் தூக்கியதும் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. தங்கக்கரைக் கோப்பைகள் அதன் மேலேயே இருந்தன.

"நாங்கள் வாறம் எண்டோ இதெல்லாம் ஒளிச்சனீங்கள்?" அன்ரி அம்மாவிடம் திரும்பினார். "எங்களுக்குக் குப்பையில எடுத்ததோ?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வாயைத் திறந்தார். உங்களைப் போஷ் ஆட்கள் என்று நினைத்துத்தான் செய்தோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தங்க எழுத்துக் கைப்பைக்கு முன்னால் நின்று, பளபளப்பு கூடாது என்ற சட்டத்தை எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டார். நல்லதை எடுத்து விருந்தாளிக்கு முன்னால் வைப்பதுதான் எங்கள் ஆட்களின் மரியாதை. நல்லதை ஒளித்த வீட்டில் அவர்கள் அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் நிற்கவில்லை. அம்மா ஓடிப்போய் முறுக்குப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அன்ரி அதைப் பார்க்காமல் சப்பாத்தைக் காலில் கொளுவினார்.

கார் போனதும் அம்மா ஸ்பிரிங் குத்தும் பக்கத்திலேயே விழுந்து அழுதார். மாமா சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப் போனார். அப்பா போய் ஹீற்றரைக் கூட்டினார். யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. நான் கராஜுக்குள் போய், படுக்கைவிரிப்புக்குக் கீழே நுழைந்து, என் மூலையில் சுருண்டுகொண்டேன். மாமா சொன்ன மாதிரியே என் வாயால்தான் குழம்பியது. அக்காவின் வாழ்க்கையை நானே உடைத்துவிட்டேன். இதைப் பட்டியலில் எந்தப் பாவத்தின் கீழ் எழுதுவதென்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா விரிப்பைத் தூக்கி உள்ளே வந்து பக்கத்தில் இருந்தாள். பிளாஸ்டிக் கிரீச்சென்றது. நான் "சொறி அக்கா, சொறி" என்று விக்கி விக்கி மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்து, என் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவள் உடம்பு முழுவதும் குலுங்கியது. செற்றியும் எங்களோடு சேர்ந்து குலுங்கியது. இவ்வளவு அழுகிறாளே என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

வெகுநேரத்துக்குப் பிறகு அவள் எழுந்து என் தலையில் கொஞ்சிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் என் தோளைத் தொட்டுப் பார்த்தேன். சட்டை காய்ந்தே இருந்தது. பெரிய பிள்ளைகள் கண்ணீர் வராமல் அழுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்காக இன்னும் கொஞ்சம் அழுதேன்.