உள்ளே ஆள் இருந்த சாவடி

அவளுக்குச் 'சில்லறை' என்று பேர் வைத்தது லாரிக்காரர்கள். டோல்கேட்டின் மற்ற ஜன்னல்களில் மீதிக் காசு கேட்டால் ஒரு மிட்டாயை நீட்டுவார்கள், இல்லையென்றால் வானத்தைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் கடைசிக் காசு வரைக்கும் கொடுத்துவிடுவாள். "சில்லறை இன்னைக்கு எந்த ஜன்னல்?" என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு வரிசை மாறி வருகிறவர்கள் உண்டு. நாளடைவில் வீட்டிலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது.

அவள் அந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டினவன். அந்தக் காலத்தில் அங்கே இருந்தது ஒற்றைத் தார் ரோடு. எதிரே பஸ் வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆகவேண்டும். ஒரு மத்தியானம் அப்படி இறக்கியபோது மழை அரித்த ஓரம் பொலபொலவென்று உள்வாங்கிவிட்டது. வண்டி கவிழ்ந்த வேகத்தில் பின்னால் ஏற்றியிருந்த இரும்புக் கம்பிகள் அவன் உட்கார்ந்திருந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன. துணியை விலக்கி முகம் பார்க்க யாரும் அவளை விடவில்லை. அந்த ஓரத்தைக் கட்டச் சொல்லி மூன்று வருஷமாக மனு போயிருந்ததாம். 'நிதி இல்லை' என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்திருந்தது.

ஐந்து வருஷம் கழித்து மாநில அரசு அங்கே நான்கு வழிச் சாலை போட்டது. சாவடிக்கு ஆள் எடுத்தபோது அவள்தான் முதலில் போய் நின்றாள். பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி பலகையில் கோடு கோடாகப் போட்டு விளக்கினார். "அரசாங்கத்துக்குத் தனியா பணம் காய்க்கிற மரம் எதுவும் கிடையாதும்மா. ஒவ்வொரு லிட்டர் டீசல்லயும் ஒரு வரி இருக்கு, அதுதான் பழைய ரோட்டைப் பாத்துக்கும். வண்டி வாங்கறப்ப கட்டற பதிவுப் பணம், நஷ்டத்துல ஓடற பஸ்சுக்கு முட்டுக் கொடுக்கும். புது ரோடு மட்டும் கடன். இருபது வருஷக் கடன். அதை அடைக்கறது உங்க ஜன்னல்தான்."

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்கு அது வேதவாக்காகப் பட்டது. இந்த ஜன்னல் அன்றைக்கே இருந்திருந்தால் தன் புருஷன் மண்ணில் சக்கரத்தை இறக்கியிருக்க மாட்டான் என்பதுதான் அவள் கணக்கு. "எங்க காசையெல்லாம் எங்கம்மா கொண்டுபோய்க் கொட்டறீங்க?" என்று எவனாவது எகிறினால், மீதியை நீட்டிக்கொண்டே அதிகாரி சொன்னதை அப்படியே ஒப்பிப்பாள். சிலர் சிரிப்பார்கள். சிலர் சிரிக்கமாட்டார்கள். ஒருவன் கொதிக்கிற டீயை அவள் மூஞ்சியில் வீசிவிட்டுப் போனான். இன்னொருவன் காசு வாங்க நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். சுண்டுவிரல் பிசகி, புறங்கைத் தோல் ஜன்னல் விளிம்பில் உரிந்து வந்தது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தாள்.

வீட்டில் அவளோடு இருந்தது கொழுந்தனும் அவன் பெண்டாட்டியான ஓரகத்தியும். கொழுந்தன் செங்கல் வண்டி ஓட்டினான். அண்ணன் செத்த நாளிலிருந்து அண்ணியை ஒரு சொல் சொன்னதில்லை, அவளுக்குக் கொடுக்காமல் தான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கோபம் மட்டும் அவனுக்கு மூக்கு நுனியில் நிற்கும். சூளை சாவடிக்கு அந்தப் பக்கம், கட்டடங்கள் இந்தப் பக்கம். ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்டைத் தாண்டவேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு இலவச அனுமதிச் சீட்டு இருந்ததால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சீட்டைத்தான் ரத்து செய்தார்கள். புது வண்டிகள் முன்னைப் போல டீசல் குடிப்பதில்லை, பாதிப் பேர் பாட்டரி வண்டிக்கு மாறிவிட்டார்கள், எரிபொருள் வரி வற்றிக்கொண்டு வருகிறது என்று நோட்டீசில் போட்டிருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் கட்டவேண்டும்.

"ஓட்டை அவங்க பையில, அதை அடைக்கறதுக்கு என் தோலை உரிப்பாங்களா?" என்று தட்டைத் தள்ளினான் கொழுந்தன்.

"யாராவது கட்டித்தானே ஆகணும்? இல்லேன்னா ரோடு மறுபடி பழைய மாதிரி ஆயிடும். உங்க அண்ணனை மறந்துட்டியா?"

"அண்ணன் பேரைச் சொல்லி என் வாயை அடைக்காதீங்க அண்ணி. ஆறு தடவை கட்டினா சாயங்காலம் நான் வெறுங்கையோட வீட்டுக்கு வரணும். வெறுங்கையை வேகவைச்சுச் சாப்பிடலாமா?"

அவள் தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

மூன்றாம் தேதி அவளுக்கு மத்தியான ஷிப்டு. ஆனால் காலை ஷிப்டுக்காரிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து கூப்பிட, அவள் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டாள். கொழுந்தன் அதற்கு முன்பே சூளைக்குப் போயிருந்தான். அவள் ஷிப்டு மாறியது அவனுக்குத் தெரியாது.

பத்து மணிக்கு உள்ளூர் வண்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றன. முதலில் ஹாரன். அப்புறம் கெட்ட வார்த்தை. மேற்பார்வையாளர் ஆபீசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். காவலாளி இரண்டு கையையும் தூக்கி, "பேசிக்கலாம்பா, பேசிக்கலாம்" என்று நடுவில் போனார். ஜாக்கி கம்பியால் எவனோ அவர் காதோடு சேர்த்து ஓங்கி ஒரு அடி. மனுஷன் சத்தமே போடவில்லை. அப்படியே மடிந்து உட்கார்ந்தார். விழுந்தவரையும் நான்கு பேர் சுற்றி நின்று மிதித்தார்கள். அவர் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்து தரையில் விழுந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

எழுந்து ஓடலாம் என்று கதவைத் திறக்கப்போனால், வெளியிலிருந்து ஒரு டிரம்மை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கல் வந்தது. முன் கண்ணாடி ஒரே அடியில் வெள்ளையாக நொறுங்கி, விழாமல் சிலந்தி வலை மாதிரி நின்றது. இரண்டாவது கல் அதில் ஓட்டை போட்டு அவள் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

சாவடியின் இரும்புத் தூணில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மறுமுனை ஒரு செங்கல் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் இருந்தது. நீல வண்டி. அந்த வண்டிக்குப் பெயிண்டு வாங்கப் பணம் கொடுத்ததே அவள்தான்.

"உள்ள ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!" என்று கத்தினாள். அந்தக் கூச்சலில் அவள் குரல் யாருக்குக் கேட்கும்? வலது உள்ளங்கையால் கண்ணாடியைப் பட்டுப்பட்டென்று அடித்தாள். கொழுந்தன் வண்டியிலிருந்து தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான். நேராக அந்தக் கையைப் பார்த்தான். "இழுடா!" என்று கூட்டம் கத்தியது. அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். வண்டி உறுமியது.

சாவடியைத் தரையோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டில் இரண்டு துப்பாக்கி வெடித்த மாதிரி தெறித்தன. அவளோடு சேர்ந்து தகரமும் கண்ணாடியும் மேசையும் சாய்ந்தன. சாய்ந்த ஜன்னல் சட்டம் அவள் வலது முழங்கைக்குக் கீழே விழுந்து, தரையோடு வைத்து நசுக்கியது. கூட்டம் விசிலடித்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் பத்தடி இழுத்துக்கொண்டு போனது.

சாவடியின் கூரை பிய்ந்து வந்தபிறகுதான் யாரோ, "ஐயையோ, பொம்பள இருக்குடா!" என்று அலறினார்கள். விசில் நின்றது. கொழுந்தன் இறங்கி வந்தான். ரத்தத்தில் ஊறிக்கிடந்த சட்டையையும் கலைந்த தலையையும் பார்த்தான். அப்புறம் முகம் தெரிந்தது.

"அண்ணீ!"

வெறுங்கையால் தகரத்தைக் கிழித்தான். அவன் விரலெல்லாம் அறுபட்டு ரத்தம் ஒழுகியது, அவனுக்கு உறைக்கவில்லை. அதே வண்டியில், செங்கல் தூசியின் மேல் அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம், "சாகாதீங்க அண்ணி, சாகாதீங்க" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான்.

கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. காவலாளி பிழைத்தார், ஆனால் இடது காது செவிடு, பேச்சும் குழறல்.

வழக்கு வந்தபோது வீட்டில் ஓரகத்தி அவள் காலைப் பிடித்தாள். "தெரியாம பண்ணிட்டாருக்கா. உங்களைத் தூக்கிட்டு ஓடினதும் அவர்தானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க."

அவள் காலை உருவிக்கொண்டாள். ராத்திரி பகலாக யோசித்தாள். கொழுந்தன் மேல் அவளுக்குப் பாசம் போகவில்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

கோர்ட்டில் அவன் வக்கீல் கேட்டார். "உங்க கொழுந்தனுக்கும் உங்களுக்கும் ஏதாவது பகை உண்டா?"

"கிடையாது. எனக்கு அவன் பிள்ளை மாதிரி."

"சாவடிக்குள்ள நீங்க இருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

வக்கீல் திருப்தியோடு உட்காரப்போனார்.

"நான்னு தெரியாது," என்றாள் அவள். "ஆள் இருக்குன்னு தெரியும். கண்ணாடியை அடிச்சேன். என் கையைப் பாத்தான். பாத்துட்டுத்தான் இழுத்தான்."

கூண்டில் நின்றவன் தலை தொங்கிப்போனது. நான்கு வருஷம் போட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி குடத்தைத் தூக்கி அவள் தோளில் அடித்தாள். தண்ணீரோடு சேர்ந்து அவள் சுவரில் போய் மோதினாள். "ஒரு கை போனதுக்கு ஒரு குடும்பத்தையே வெட்டிப் போட்டுட்டியே பாவி!" ஓரகத்தி இன்னும் இரண்டு அடி அடித்தாள். அவள் தடுக்கவில்லை. அடித்துக் களைத்து ஓரகத்தி உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அவள் மொட்டைக் கையின் கட்டு நனைந்திருப்பதைப் பார்த்து, முனகிக்கொண்டே அதை அவிழ்த்து வேறு துணி சுற்றினாள். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? இவளுக்குத் தலை பின்ன அவள்தான். அவளோடு பேச இவள்தான். மூன்று மாதம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள்.

கலவரத்துக்குப் பயந்த அரசாங்கம் உள்ளூர்ச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த ஓட்டையைப் பஸ் டிக்கெட்டில் ஏற்றி அடைத்தார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் பட்டாசு வெடித்தார்கள். பஸ்சில் போகிறவர்கள் கல்லெடுக்கிற ஜாதி இல்லை. ஜெயிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற ஓரகத்தி, வாரம் ஒரு தடவை என்றிருந்ததை மாதம் ஒரு தடவை ஆக்கிக்கொண்டாள். சில்லறைக்கு நஷ்டஈடாகக் கிடைத்த வேலை பஸ் நிலையத்தில், பாஸ் கொடுக்கிற கவுண்டர். இடது கையால் எழுதப் பழகினாள். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் வந்தது.

நன்னடத்தை என்று மூன்று வருஷத்தில் அவனை விட்டார்கள். வந்தவன் குளிக்கவில்லை, உட்காரவில்லை. நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஏன் அண்ணி சொன்னீங்க? வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"அப்போ வேற எவளாவது இருந்திருந்தா பரவாயில்லையா?"

அவனுக்குக் கண்ணில் பொறி பறந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கால் பிய்ந்து பறந்தது. மிச்சத்தை ஓங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். அவள் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள்.

பின்னாலிருந்து ஓரகத்தி இரும்பு வாணலியால் அவன் மண்டையில் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. அவன் முட்டி போட்டு விழுந்தான். உச்சந்தலை பிளந்து ரத்தம் நெற்றியில் வழிந்தது.

"இந்தக் கையையும் எடுத்துட்டா எனக்கு இங்க யாருய்யா இருக்கா?" என்று கத்தினாள் ஓரகத்தி. "மூணு வருஷம் யாரு சம்பளத்துல சாப்பிட்டேன்னு நினைச்சே? பாத்தியா, பாக்கலியா? கையைப் பாத்தியா, பாக்கலியா? சொல்லுய்யா!"

அவன் கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"பாத்தேன்," என்றான் கடைசியில். சொன்னபிறகு உடம்பெல்லாம் குலுங்க அழுதான். கோர்ட்டிலும் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை, ஜெயிலிலும் வரவில்லை.

ஓரகத்தி பழைய துணி ஒன்றைக் கிழித்து அவன் தலையைச் சுற்றினாள். முடிச்சுப் போட இன்னொரு கை தேவைப்பட்டது. சில்லறை நகர்ந்து வந்து, ஒரு முனையை இடது கையால் பிடித்து இழுத்தாள். மறுமுனையை ஓரகத்தி இழுத்தாள். கட்டு இறுகியதும் அவன் "ஆ" என்றான்.

"வலிக்கட்டும்," என்றாள் ஓரகத்தி.