பென்சில் காட்டிய இடம்

பாலைவனத்தைக் கண்ணால் பார்க்காமலே பாலைவன ஓவியனாக வாழ்ந்தவன் நான். காலண்டர் ஒன்றில் வந்த செம்பாறைப் பள்ளத்தாக்குதான் எனக்குக் குரு. உத்திரமேரூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் ஒட்டகத்தில் போய்க்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாக வெடித்தது. ஊர் அழுதது. எனக்கோ பாலைவனம் வீடு தேடி வந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடையும் வண்ணப்பெட்டியுமாகப் போய் ஏரிக்குக் கீழே ஒரு கழனி வரப்பில் உட்கார்ந்தேன். கழனிக்காரரின் மனைவி குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் தந்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியில் தூரிகையைக் கழுவினேன். சிவந்துபோன தண்ணீரைப் பார்த்தார். சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒற்றைக் கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலைப் பிடித்து அளவு பார்த்தேன். கழனிக்காரர் வெகுநேரமாகப் பின்னால் நின்றிருக்கிறார். அவருடைய கிணறு வற்றிவிட்டது. புதுக் கிணறு வெட்ட இடம் குறித்துத்தர நீரோட்டம் பார்ப்பவருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியாது.

“இன்னா சார், அந்தப் பனமரத்தாண்டயா?”

“ஆமாங்க. அங்கதான் ஆழம் நல்லா தெரியுது” என்றேன். நான் சொன்னது படத்தின் ஆழத்தை.

“எவ்ளோ தூரம் போவணும் சார்?”

“போகப் போகத்தான் தெரியும்.” கலைஞனுக்கு உரிய அடக்கம்.

உழவு மாடுகளை விற்று வெட்டியிருக்கிறார். மறுபடி நான் போனபோது பனையடியில் பெரும் பள்ளம். சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று அடுக்கடுக்காக மண் இறங்கி, அடியில் வறண்ட பாறை. என் காலண்டர் பள்ளத்தாக்கேதான். முதலில் வண்ணப்பெட்டியைத் திறந்தேன். அப்புறம்தான் என்ன பள்ளம் என்று கேட்டேன்.

“நீங்கதானே சார் குச்சி வெச்சிப் பார்த்து கை காட்டினது?”

“நான் டிராயிங் மாஸ்டருங்க.”

அவர் மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே மெட்ராசுக்குக் கூலி வேலைக்குப் போனார்.

வாழ்நாளில் நான் உருப்படியாக வரைந்த ஒரே படம் அந்தப் பள்ளம். ஆறுதலாக இருக்கும் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ, அதை எடுத்துப்போய் அவர் மனைவியிடம் காட்டினேன். அவர் படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்களுக்குத்தான் தண்ணி காட்டிட்டீங்கோ. இதுலயாச்சும் கொஞ்சம் காட்டியிருக்கலாமே சாரு.”